அறளை என்று சொல்லுமுன் மருந்துப் பையைத் திறவுங்கள்

பெரியம்மா படுக்கை விரிப்பிலிருந்து நூல் பிடுங்கிக்கொண்டிருந்தார். விரிப்பில் நூல் எதுவும் தொங்கவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ கிள்ளி எடுத்துப் பக்கத்தில் வைத்தன, மறுபடியும் கிள்ளின. நான் கொண்டுபோன கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் ஒரு துண்டு அவருடைய மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பொய்ப்பல் ஈறில் நிற்காமல் கழன்று கழன்று சத்தமிட்டது. தெஹிவளையில் அவர் தங்கியிருந்த முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளர் அன்போடுதான் சொன்னார்: "83 வயதாகிவிட்டதல்லவா, அறளை பெயரத் தொடங்கிவிட்டது."

பெரியம்மா நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். மூன்று வாரங்களுக்கு முன்பு என்னோடு உட்கார்ந்து நிலையான வைப்பின் வட்டியை வாயாலேயே கணக்கிட்டவர். மறதி நோய் மூன்று வாரத்தில் வந்து குந்துவதில்லை. அது மாதங்களாக, வருடங்களாக மெல்ல மெல்ல வரும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஒருவர் வேறு ஆளாக மாறிவிட்டால் கிருமித்தொற்று, மலச்சிக்கல், உப்புக் குறைவு, மருந்து ஆகிய நான்கையும் முதலில் தேட வேண்டும். வயதைக் கடைசியாகச் சொல்லலாம்.

நான் வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துப் பார்மசிகளில் 31 வருடங்கள் மருந்து கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் முதியோர் இல்லங்களுக்குப் போய் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக் கொடுக்கிறேன். அன்று பெரியம்மாவின் பையை மேசையில் கொட்டினேன். ஒன்பது மருந்துகள் இருந்தன, அவற்றில் மூன்று கண்ணில் பட்டன. அக்கி வந்து மாறிய பின்பும் விலாவில் நின்ற எரிவுக்கு அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம், இரவில் ஒன்று. இரவில் அடிக்கடி சலம் போவதற்கு ஒக்சிபியூட்டினின். கையில் வந்த சொறிக்குப் பிரிட்டோன், ஒரு நாளைக்கு மூன்று. மூன்று குளிசைகளும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

உங்கள் அம்மாவோ அப்பாவோ மாமியோ ஒரு இல்லத்தில் இருந்தால் நீங்கள் எதை, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தை நிறுத்துவதும் கூட்டுவதும் வைத்தியரின் வேலை. ஆனால் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது வீட்டாரால் முடியும். பல இடங்களில் அவர்களால் மட்டும்தான் முடியும்.

ஊமத்தங்காயும் பிரிட்டோனும்

ஊமத்தங்காய் தின்றவனுக்கு என்ன ஆகும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். வாய் வறளும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், வியர்வை வராது, சலம் அடைக்கும், இல்லாத ஆளோடு பேசுவான். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஹயோசின் போன்ற பொருட்கள் உடம்பில் அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருளின் வாயை அடைத்துவிடுகின்றன. உமிழ்நீர் சுரக்க, குடல் அசைய, சலப்பை சுருங்க, நினைவு நிற்க என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தூதுப் பொருள் வேண்டும். அமிட்ரிப்டிலினும் ஒக்சிபியூட்டினினும் பிரிட்டோனும் அதே கதவைத்தான் அடைக்கின்றன, அளவு மட்டுமே குறைவு. வீட்டாருக்குச் சொல்லும்போது இவற்றை நான் "வறட்டும் மருந்துகள்" என்பேன்.

இளம் வயதில் இரண்டு பிரிட்டோன் போட்டால் நித்திரை வரும், அவ்வளவுதான். வயது போனவர்களுக்கு மூளையில் அந்தத் தூதுப் பொருளின் கையிருப்பே குறைவு. ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். இன்று போட்டது முழுவதும் போகுமுன் நாளையது வந்து சேரும்.

அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991ஆம் ஆண்டு முதியவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதை அவர் முதலில் எழுதியது முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்காகவே. இன்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அந்தப் பட்டியலைப் புதுப்பித்து வருகிறது. 2023இலும் ஒரு பதிப்பு வந்தது. அமிட்ரிப்டிலினும் பிரிட்டோனில் உள்ள குளோர்பெனிரமினும் அதில் தவிர்க்க வேண்டியவையாகவே நிற்கின்றன. சியாட்டில் நகரில் 65 வயதைத் தாண்டிய 3,434 பேரைச் சராசரியாக ஏழு வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. வறட்டும் மருந்துகளை அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தவர்களிடையே மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் அதை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் தேவையில்லாமல் வருடக்கணக்கில் கொடுக்கக்கூடாது என்பதற்கு எனக்கு அது போதும்.

பையைக் கொட்டும் முறை

முதல் நாளே இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய் அலுமாரியைத் திறந்தால் அங்குள்ள மிஸ்மாருக்குத் தங்களைச் சந்தேகிப்பது போல இருக்கும், பிறகு ஒத்துழைக்க மாட்டார்கள். தேநீர் நேரத்துக்குப் பிறகு போனால் அவர்களுக்கும் கை ஓய்வாக இருக்கும்.

இல்லத்தின் மருந்துப் பெட்டி மட்டும் போதாது. கட்டிலருகே உள்ள லாச்சி, கைப்பை, தலையணையின் அடி, சாமிப் படத்தின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். ஒரு ஐயாவின் செபமாலைப் பெட்டிக்குள் பதினெட்டுக் குளிசைகள் இருந்ததை நான் எண்ணியிருக்கிறேன். அரிஷ்டம், தைலம், கண் துளி மருந்து எல்லாவற்றையும் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்தவற்றைக் கட்டாயம் எடுங்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் பிள்ளைகள் "அம்மாவுக்கு நித்திரை வரட்டும்" என்று பாசத்தோடு அனுப்பும் நைட்டோல், டைலனோல் பிஎம் போன்றவற்றில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின். அதுவும் வறட்டும் மருந்துதான். அது கிளினிக் கொப்பியில் ஒருபோதும் இருக்காது.

ஒரு முழுத் தாளில் கோடு போட்டு எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், யார் கொடுத்தது, எப்போது தொடங்கியது, எதற்கு. எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசிக் கட்டம். "எதற்கு" என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த மருந்தைச் சிவப்பால் வட்டமிடுங்கள். பெரியம்மாவின் சொறி மாறி ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரிட்டோன் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நம் ஊரில் பல குளிசைகள் சிறிய கடதாசி உறையில்தான் வருகின்றன. உறையில் "பிடி" என்று இருந்தால் இரண்டு வேளை, "டிடிஎஸ்" என்றால் மூன்று வேளை, "நொக்டே" என்றால் இரவு, "எஸ்ஓஎஸ்" என்றால் தேவைப்பட்டால் மட்டும். பெயரே எழுதாத உறை இருந்தால் அதை வாங்கிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய்ப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை மட்டும் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டில் இன்று ஒரு கம்பெனி, அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி என்று கிடைத்ததை வாங்கினோம். அப்போது பழைய உறையும் புதிய உறையும் இரண்டு வேறு மருந்துகள் என்று எண்ணி, ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

இனி வறட்டும் மருந்துகளுக்கு அடையாளம் இடுங்கள். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின், மனச்சோர்வு மருந்துகளில் பரொக்ஸெடின், ஒவ்வாமைக்கும் தடிமனுக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், ஃபெனர்கன் என்ற பெயரில் தெரிந்த புரோமெதசின், சொறிக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஹைட்ரொக்ஸிசின், சலப்பைக்குக் கொடுக்கும் ஒக்சிபியூட்டினின், டொல்டெரோடின், சொலிஃபெனசின், நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்ஸ்ஹெக்ஸோல், மனநோய்க்குக் கொடுக்கும் ஒலன்சபின் ஆகியவை கடுமையானவை. வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒரு அளவுகோலில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. ஃபுரோசெமைட், டிகொக்ஸின், கோடீன் போன்றவற்றுக்கு 1 புள்ளி. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு வந்தது 9. 1 புள்ளி உள்ள மருந்து இதயத்துக்கு அவசியமானதாக இருக்கலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 3 புள்ளி மருந்துகளையே முதலில் கேளுங்கள்.

ஒரு மருந்து இன்னொரு மருந்தை அழைத்து வருவதையும் அந்தத் தாளில் காணலாம். தொடங்கிய திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மறதிக்கு டோனெபெசில் தொடங்கியதும் சலம் அடக்க முடியாமல் போகும். அதற்கு ஒக்சிபியூட்டினின் வரும். ஒன்று திறக்கும் கதவை மற்றது அடைக்கும். தலைச்சுற்றுக்கு ஸ்டெமெட்டில் மாதக்கணக்கில் போனால் கை நடுங்கும், நடை இறுகும். அதை நடுக்க நோய் என்று எண்ணிப் பென்ஸ்ஹெக்ஸோல் கொடுத்தால் புத்தி தடுமாறும். புதிய வருத்தம் ஒன்று வந்தால் அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் எந்தக் குளிசை சேர்ந்தது என்று பாருங்கள்.

பேச்சு புரியாத இடத்தில்

கொழும்பில் இது எனக்கு மிகவும் கவலை தரும் விடயம். நம் பெரியவர்களில் பலர் வயது போகப் போகத் தமிழுக்கு மட்டும் திரும்பிவிடுகிறார்கள். இல்லங்களில் அவர்களைப் பராமரிக்கும் பணிப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மா இறந்துபோன தங்கையைக் கூப்பிட்டு இரவு முழுவதும் பேசியிருக்கிறார். கவனித்த பிள்ளைக்கு அது வழக்கமான பேச்சாகத்தான் கேட்டது. "ஆச்சி இப்போது நன்றாகக் கதைக்கிறார்" என்று சந்தோசமாகச் சொன்னாள். அவளில் பிழையில்லை.

ஆகவே மொழி தேவைப்படாத அடையாளங்களைச் சொல்லிக் கொடுங்கள். விரிப்பையோ உடுப்பையோ கிள்ளுதல். பகல் முழுவதும் நித்திரை, இரவில் விழிப்பு. கூப்பிட்டால் முகம் திரும்பாமை. சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமை. மூன்று நாளாக மலம் போகாமை. இவற்றில் ஏதாவது புதிதாக வந்தால் எந்த நேரமும் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுங்கள். அமைதியாகிப் போவதும் தடுமாற்றமே என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சத்தம் போடும் முதியவரைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். சுருண்டு படுத்துவிட்டவரை "நல்ல ஆள், தொல்லை இல்லை" என்று விட்டுவிடுவார்கள்.

நீங்கள் போகும்போது ஒரு சிறு சோதனை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளைச் சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி. மறதி தொடங்கியவர்கள் பலர் இதைச் சொல்லிவிடுவார்கள். மருந்தால் தடுமாறுபவருக்குக் கவனம் நிற்காது. வெள்ளியோடு நின்று உங்கள் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார். பெரியம்மா அன்று சனியையே தாண்டவில்லை.

பின்னேரச் சூட்டையும் நினைவில் வையுங்கள். வறட்டும் மருந்து எடுப்பவருக்கு வியர்வை குறையும். ஏப்ரல் மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள மேல்மாடி அறையில் அவர் உடம்பு சூடேறி மயங்கலாம். நீராகாரம் நிற்காமல் போக வேண்டும். வைத்தியர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று. இரவில் அமைதியாகப் படுக்கட்டும் என்று பிரிட்டோன் திரவ மருந்தை எல்லோருக்கும் ஒரு கரண்டி ஊற்றிய இல்லம் ஒன்றை நான் நேரில் கண்டேன். பன்னிரண்டு பேரைப் பார்க்க இரவில் ஒரே ஒரு பிள்ளை. அவளுடைய களைப்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும் அதை ஏற்க முடியாது. வைத்தியர் எழுதாத எதையும் நித்திரைக்காகக் கொடுக்கக்கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் கேட்பது சண்டை அல்ல.

மனச்சோர்வு மருந்து: பயமும் கவனமும்

இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு மனச்சோர்வுக் குளிசைகள் எல்லாம் கெடுதல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வீட்டை விட்டு, விளக்கேற்றிய சாமியறையை விட்டு, ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் உள்ள அறைக்கு வந்தவர்களுக்கு மனம் ஒடிவது உண்மையான வருத்தம். "விசர் மருந்து வேண்டாம்" என்று மறுத்து, சாப்பிடாமல் ஒடுங்கிப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சரியான மருந்து, சரியான அளவில், சரியான ஆளுக்குக் கிடைத்தால் அது ஒரு உயிரை மேசைக்குத் திரும்பக் கொண்டுவரும்.

முதலில் இது மனச்சோர்வுதானா என்று பார்க்க வேண்டும். முதியோருக்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஆம்–இல்லை வினாத்தாள் ஒன்று வைத்தியர்களிடம் உண்டு. தைரொயிட், இரத்தச்சோகை, விற்றமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்து தொடங்கும் பேச்சு வந்தால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். 2011இல் லான்செட் இதழில் வந்த பிரித்தானிய ஆய்வில் மறதி நோயோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்குச் செர்ட்ரலினும் மிர்டசபினும் வெற்றுக் குளிசையை விடக் கூடுதல் பலன் தரவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. எனவே கடுமையாக இல்லாவிட்டால் பேச்சுத் துணை, வெயில், தெரிந்த பாட்டு, கோயில் மணி கேட்கும் யன்னல் ஆகியவற்றை முதலில் முயலலாமா என்று கேட்பது நியாயமே.

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். வைத்தியர் பிரிட்டோனையும் ஒக்சிபியூட்டினினையும் நிறுத்தினார். அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமாக இறக்கி, சில வாரங்களில் முடித்தார். பத்தாவது நாள் நான் போனபோது பெரியம்மா சொதியில் புளி காணாது என்று குறை சொன்னார். நாக்கு நனைந்திருக்கிறது என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. ஆனால் தெளிவு வந்த பின்பு துக்கம் தெரிந்தது. பம்பலப்பிட்டித் தொடர்மாடி வீட்டை விற்றதை நினைத்து விடியும் முன்பே எழுந்து அழுதார், சாப்பாட்டைத் தள்ளினார். மனநல வைத்திய நிபுணர் செர்ட்ரலின் 25 மில்லிகிராமில் தொடங்கினார். நல்ல தேர்வுதான், வறட்டும் தன்மை மிகக் குறைவு.

மூன்றாவது வாரம் அவர் தள்ளாடினார். தலையிடி என்றார், பகலில் தூங்கினார். இரத்தம் எடுத்தபோது சோடியம் 128. வழக்கமான அளவு 135 முதல் 145 வரை. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவொக்ஸெடின் போன்ற குளிசைகள் முதியவர்களிடம் உடம்பு நீரைப் பிடித்து வைக்கச் செய்து உப்பைக் குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் சில வாரங்களில். பெரியம்மா பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் உப்பை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தன. பிரஷர் குளிசையை மாற்றி, செர்ட்ரலினை நிறுத்தி, சோடியம் சரியான பிறகு மிர்டசபின் 7.5 மில்லிகிராம் தொடங்கினார்கள். 15 மில்லிகிராம் குளிசையில் பாதி, இரவில்.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது: மனச்சோர்வு மருந்து தொடங்குமுன் ஒரு தடவை, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு தடவை சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். நீர் இறக்கும் பிரஷர் குளிசை எடுப்பவரென்றால் நீங்களே நினைவூட்டுங்கள். உப்புக் குறைந்தது என்றவுடன் சோற்றில் உப்பை அள்ளிப் போடாதீர்கள்; இது சாப்பாட்டு உப்பால் வந்த குறை அல்ல.

இரத்தக் கசிவு அடுத்தது. செர்ட்ரலின் வகைக் குளிசையோடு அஸ்பிரின், குளொபிடோகிரல், வார்பரின், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனக் சேர்ந்தால் வயிற்றில் கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் காத்திருக்க வேண்டாம். வலிக்கு டிரமடோலைச் சேர்ப்பதும் ஆபத்து. நடுக்கம், காய்ச்சல், தசை இறுக்கம், பதற்றம் என்று வரும். பல் வைத்தியரானாலும் எலும்பு வைத்தியரானாலும் உங்கள் தாளை முதலில் நீட்டுங்கள்.

அளவிலும் எல்லை உண்டு. 60 வயதுக்கு மேல் சிட்டலோபிராம் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 65க்கு மேல் எஸ்சிட்டலோபிராமுக்கு ஐரோப்பாவில் 10 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம் என்பதே காரணம். இதய வருத்தம் உள்ளவருக்கு ஈசீஜி எடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

விழுதல் எல்லா வகை மனச்சோர்வு மருந்துக்கும் பொது. தொடங்கிய முதல் மாதமும் அளவு கூட்டிய ஒவ்வொரு முறையும் கவனம் வேண்டும். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, கால் தொங்கவிட்டு, மெல்ல இருபது எண்ணிய பிறகு நிற்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறு மின்குமிழ், கட்டிலருகே கைமணி. நைந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள்.

பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், முதியவர்களுக்குச் சில வேளை அதிலும் கூட ஆகும். இரண்டாம் வாரமே "வேலை செய்யவில்லை" என்று நிறுத்தாதீர்கள். சுகமான பின்பும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். எத்தனை மாதம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே கேட்டுத் தாளில் எழுதுங்கள். முடிவுத் திகதி எழுதாத குளிசை முடிவதே இல்லை.

ஒரு மாத உறையைக் கட்டிலருகே விடாதீர்கள். அமிட்ரிப்டிலின் அதிக அளவில் உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடும். "போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று நம் பெரியவர்கள் வழமையாகச் சொல்வதுதான். அதோடு சாப்பாட்டை விடுவதும், நகையையும் புடவையையும் பகிர்ந்து கொடுப்பதும், குளிசை சேர்ப்பதும் சேர்ந்தால் அது வழமைப் பேச்சு அல்ல. நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும்.

வைத்தியரிடம் சொல்லும் விதம்

கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். காசு கட்டித் தனியாகப் பார்க்கும் சனலிங்கிலும் அதைவிட அதிகம் கிடைக்காது. கதையை நோயின் தொடக்கத்திலிருந்து சொல்லாதீர்கள். தாளை மேசையில் வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "டொக்டர், அம்மா மூன்று வாரத்தில் மாறிவிட்டார். இந்த மூன்று குளிசைகளும் மூன்று இடத்தில் தந்தவை. மூன்றும் சேர்ந்து தடுமாற்றம் தருகிறதா என்று பார்ப்பீர்களா? எதையாவது குறைக்க முடியுமா?" நான் கண்டவரையில் இப்படிக் கேட்டால் முகம் சுளித்தவர்கள் குறைவு. "இதை ஏன் கொடுத்தீர்கள்" என்று தொடங்கினால் அந்தச் சில நிமிடங்களும் விளக்கத்திலேயே போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்தையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அவசரம் இல்லாவிட்டால். இரண்டை ஒன்றாக மாற்றினால் நன்மை எதனால், தீமை எதனால் என்று தெரியாது.

நீங்களாக ஒருபோதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் எடுத்த அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விட்டால் குமட்டல், வியர்வை, நித்திரையின்மை வரும். செர்ட்ரலின், பரொக்ஸெடின், வென்லஃபக்ஸின் போன்றவற்றை விட்டால் தலைச்சுற்றும் தலைக்குள் மின்சாரம் தட்டுவது போன்ற உணர்வும் வரும். அதைக் கண்டு வருத்தம் திரும்பிவிட்டது என்று தவறாக எண்ணுவார்கள். அரச மருந்துக் கடையான ஒசுசலவில் ஒரு குளிசை கிடைக்கவில்லை என்றால், கையில் இருப்பது முடிய நான்கு நாளுக்கு முன்பே வேறு இடத்தில் தேடத் தொடங்குங்கள். குளிசையை நசுக்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பது இல்லங்களில் வழக்கம். மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளையும் கப்சியூல்களையும் நசுக்கினால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். எதை நசுக்கக்கூடாது என்று தாளில் எழுதிவிடுங்கள்.

உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்க வேண்டியவை: எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கறுத்த மலத்தோடு மயக்கம், தலையில் அடிபட்ட விழுகை, அடிவயிறு உப்பி எட்டு மணி நேரத்துக்கு மேல் சலம் போகாமை, கண் சிவந்து கடுமையாக வலித்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல். அம்புலன்ஸ் வந்ததும் அந்தத் தாளின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: முகத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை மருந்துப் பெட்டியின் படமும் தாளின் படமும் கேளுங்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். வெடித்து வறண்டிருந்தால் கேள்வி கேளுங்கள். எப்போது கடைசியாக மலம் போனது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். பெட்டி அனுப்பும்போது குளிசையை விட்டுவிட்டு நல்ல செருப்பும் பெரிய இலக்கம் உள்ள மணிக்கூடும் அனுப்புங்கள்.

பெரியம்மாவின் தாள் இப்போது அவருடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒன்பதாக இருந்த மருந்துகள் ஐந்தாகிவிட்டன. அடியில் அடுத்த கிளினிக் திகதியும் அன்று நான் கேட்க வேண்டியதும் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன: மிர்டசபின் இன்னும் எத்தனை மாதம்?